கால அட்டவணையில் ஒலிக்கு இடமில்லை: மாணவர் குறும்படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் காட்சித் தொடர்பியல் துறையில், இறுதியாண்டு மாணவர்கள் ஆறாம் பருவத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். படத்தைப் புறத்தேர்வாளர் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாக வாய்மொழித் தேர்வு நடக்கும். அப்படி ஓராண்டில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு எடுத்த படத்தைப் பற்றியது இந்தப் பதிவு. குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தவர் துறையின் மூத்த ஆசிரியர். இதை எழுதும் நான் அதே துறையில் படத்தொகுப்புப் பயிற்சியை நடத்துபவன். படப்பிடிப்பின் ஒரு பகுதியையும் தொகுப்பு அறையில் நடந்தவற்றையும் நேரில் பார்த்தேன். மற்ற விவரங்கள் குழு ஒப்படைத்த தயாரிப்புக் கோப்பிலிருந்தும், தேர்வு முடிவு வந்தபின் மாணவர்களோடு பேசியதிலிருந்தும் கிடைத்தவை.

கதை தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. பல ஆண்டுகள் வெண்மையின் கூச்சத்தில் வேலை பார்த்துக் கண் மங்கிப்போன ஒரு மூதாட்டி, அது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று கணக்கப்பிள்ளையிடம் மறைக்கிறார். பேத்தி அதைக் கண்டுகொள்கிறாள். மூதாட்டியாக நடிக்க உண்மையான உப்பளத் தொழிலாளி ஒருவரையே குழு தேர்ந்தெடுத்தது. அறுபது வயதைக் கடந்த அவரை மாணவர்கள் ஆச்சி என்றே அழைத்தார்கள். இந்தப் பதிவிலும் அவர் ஆச்சிதான். பேத்தியாக நடித்தவர் கல்லூரி நாடகக் குழுவைச் சேர்ந்த மாணவி. ஒருவர் நடிப்புப் பழகியவர், மற்றவர் கேமராவையே அப்போதுதான் பக்கத்தில் பார்ப்பவர் என்ற இந்த வேறுபாடு பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் முக்கியமானது.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடி வட்டாரத்துடையது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளில் தேங்கிய மழைநீரையும் சேற்றையும் அகற்றி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, உப்புநீர் பாய்ச்சிய பிறகே உப்பு விளையும். ஜனவரியில் போனால் வெறும் மண் பாத்தியும், சென்ற ஆண்டு குவித்து மூடிவைத்த அம்பாரமும்தான் கண்ணில் படும். குழு முதலில் ஜனவரிக் கடைசியில் படப்பிடிப்பை வைத்திருந்தது. இடம் பார்க்கப் போன ஒளிப்பதிவாளர், வெள்ளை விளையாத உப்பளத்தில் இந்தக் கதையை எடுப்பதில் பொருளில்லை என்று வாதிட, படப்பிடிப்பு மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போனது. காட்சி நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் தேர்வு ஏப்ரல் நடுவில் இருந்ததால், படத்தொகுப்புக்கும் ஒலிச் சேர்க்கைக்கும் ஒதுக்கியிருந்த காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குறைந்த காலத்தின் சுமை யார் தலையில் விழும் என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் எவரும் எழுப்பவில்லை.

பொறுப்புகள் பிரிந்த விதம்

டிசம்பரில் பொறுப்புகளைப் பிரித்தபோது இயக்கத்துக்கு மூவரும் ஒளிப்பதிவுக்கு இருவரும் போட்டியிட்டார்கள். தொகுப்பு, கலை, தயாரிப்பு நிர்வாகம் ஆகியவற்றைப் பேசி முடித்தார்கள். ஒலிப்பதிவுக்கு யாரும் கை தூக்கவில்லை. அன்று காய்ச்சலால் வராத ஒரு மாணவியின் பெயர் அந்த இடத்தில் எழுதப்பட்டது. அவர் மறுநாள் வந்து மறுப்புச் சொல்லவுமில்லை, மகிழவுமில்லை. இது இந்தக் குழுவுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. நான் அறிந்தவரை பல காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) துறைகளில் ஒலி இப்படித்தான் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1931-இல் தமிழ் பேசும்படம் வந்த புதிதில் நடிகர்கள் மைக்கின் வரம்புக்குள் நின்று நேரடியாகப் பேசிப் பாடினார்கள். பிற்காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது பரவலாகப் புழங்கிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் ஓடும்போது இரைந்ததால், களத்தில் ஒலியைப் பதிவது நடைமுறையில் இயலாமல் போனது. பைலட் ட்ராக் என்ற பெயரில் குறிப்புக்காக மட்டும் ஒலியை எடுத்துக்கொண்டு, உரையாடலை டப்பிங் அரங்கில் மீண்டும் பேசவைக்கும் முறை நிலைபெற்றது. கேமராக்களின் இரைச்சல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த மாணவருக்கு ஒலி என்பது படம் முடிந்தபின் செய்யும் வேலையாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்ற வாக்கியம் இந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் முதல் மாதத்திலேயே வருகிறது. அதைச் சொன்னவர் இயக்குநர். மறுத்துப் பேசியவர் இல்லை.

முன்தயாரிப்பில் காணப்பட்டவை

குழுவின் உழைப்பில் குறை சொல்ல இயலாது. ஒளிக்காக அவர்கள் செய்த ஆயத்தம், தொழில்முறைக் குழுவுக்குக்கூடப் பெருமை சேர்க்கும். ஒளிப்பதிவாளர் இடத்துக்கு முன்கூட்டியே சென்று, எந்த நேரத்தில் சூரியன் எந்த வரப்பின் மேல் நிற்கும் என்று குறித்துவந்தார். அவர் வைத்திருந்த கணக்கு இது: வெளிச்சத்தின் விவரமும் நிழலின் விவரமும் தங்கும்படி லாக் முறையில் பதியும்போது, அவருடைய கேமராவில் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 800-க்குக் கீழே இறக்க முடியாது. உச்சி வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சிறிதாக்கினாலும் ஷட்டர் ஏறத்தாழ 1/800 நொடி தேவைப்படும். ஆனால் நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் அசைவு இயல்பாகத் தெரிய 1/50 வேண்டும். இடையில் உள்ளது நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது), உப்பின் எதிரொளிப்புக்கு இன்னும் ஒன்று. இதை முன்பே கணக்கிட்டதால், ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை வாடகைக்கு எடுத்துத்தான் அவர் களத்துக்கு வந்தார். உப்பு வாரும் பலகையிலிருந்து நீர் சொட்டும் காட்சி, அவசரத்தில் ஷட்டரைக் கூட்டி எடுக்கும் மாணவர் படங்களில் வெட்டி வெட்டித் தெரியும். இந்தப் படத்தில் அது வழிந்தோடுகிறது.

தகவல் சேமிப்பும் ஒழுங்காக நடந்தது. கேமராவின் ஒவ்வொரு நினைவக அட்டையும் இரண்டு வன்தட்டுகளில் நகலெடுக்கப்பட்டு, இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இரவைக் கழித்தன. தயாரிப்பு நிர்வாகி, ஆச்சி படப்பிடிப்புக்காக இழக்கும் நாள் கூலியைக் குழுவே கொடுக்க வேண்டும் என்று வாதிட்டு, அதை வரவு செலவுத் தாளின் முதல் வரியாக எழுதவைத்தார். மாணவர் படங்களில் இப்படி ஒரு வரியைப் பார்ப்பது அரிது.

இத்தனைக்கும் நடுவில், ஒவ்வொரு நாளின் கால அட்டவணைத் தாளிலும் காட்சி எண், ஷாட், லென்ஸ், ஒளி, நடிகர், உடை, பொருள்கள் என்று ஏழு பத்திகள் இருந்தன. ஒலிக்கென்று ஒரு பத்தி கிடையாது. எந்த ஷாட்டில் உரையாடல் உண்டு, எதில் இல்லை என்பதைக்கூட அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. துறையிலிருந்து வழங்கப்பட்ட, நேர் எதிரே வரும் ஒலியைப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கில் பஞ்சு உறை மட்டும் இருந்தது. திறந்தவெளிக் காற்றைத் தாங்கும் ரோம உறை முந்தைய ஆண்டுகளில் எங்கோ தொலைந்துபோயிருந்தது. ஒலிப்பதிவு மாணவி அதை வாடகைக்கு எடுக்கக் கேட்டார். நிதி போதாது என்று மறுக்கப்பட்டது. கோப்பில் உள்ள ரசீதுகளின்படி, அந்த உறைக்கான வாடகை, குழு ஒரு நாள் டீக்கும் வடைக்கும் செலவிட்டதைவிடக் குறைவு. மறுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. டப்பிங் செய்யப்போகும் படத்துக்கு அது எதற்கு என்பதே அவர்களுடைய நேர்மையான ஐயம்.

உப்பளத்தில்

உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறி, வெண்மை கண்ணைக் குத்தத் தொடங்கும் முன் பெரும்பகுதி வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். கடற்காற்று முற்பகலில் எழும்பி, பிற்பகலில் வலுக்கும். ஆகவே ஒலிக்கு உகந்த நேரமும் விடியலை ஒட்டிய நேரம்தான். அந்த நேரத்தில் ஒரே இடையூறு, பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டார்.

முதல் நாளே ஒலிப்பதிவு மாணவி கணக்கப்பிள்ளையிடம் போய், மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, காலையில் டீ குடிக்கும் நேரத்தில் அரை மணி நிறுத்தித் தருவதாக ஒத்துக்கொண்டார். ஒரு மாணவி தனியாகப் போய்ப் பேசி வாங்கிய இந்த அரை மணி நேரம், மொத்தத் தயாரிப்பிலேயே விலைமதிப்பு மிகுந்த வளம் என்று பின்னோக்கிப் பார்க்கும்போது சொல்லலாம். மறுநாள் காலை மோட்டார் நின்றது. அதே நேரத்தில்தான் சூரியன் அம்பாரத்தின் விளிம்பில் எழுந்தது. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அட்டவணையில் உள்ளபடி ஆச்சி வரப்பில் நடந்துபோகும் நான்கு ஷாட்டுகளை எடுத்தார்கள். அவற்றில் ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. ஆச்சியும் பேத்தியும் பேசும் நீண்ட காட்சி, மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கி, காற்றும் எழும்பிய பிறகு எடுக்கப்பட்டது. மூன்றாம் நாளும் இதுவே நடந்தது. அட்டவணைக்கு ஒளி தெரிந்திருந்தது, அமைதி தெரியவில்லை. அதனால் கிடைத்த அமைதி ஊமைக் காட்சிகளுக்குச் செலவானது.

நான் போயிருந்த நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு டேக் முடிந்ததும் இயக்குநர் ஒளிப்பதிவாளரைத் திரும்பிப் பார்த்து “ஓகேவா?” என்று கேட்டார், அவர் தலையசைத்தால் அடுத்த ஷாட். மைக்கைத் தாங்கும் பூம் கம்பைப் பிடித்து நின்ற மாணவி பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒரு முறை அவர் தானாகவே “காத்து அடிச்சிருச்சு, இன்னொன்னு போலாம்” என்றார். “அது பைலட் தானே” என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக எழுதத் தொடங்கினார். அவருடைய கையடக்கக் குறிப்பேட்டில் ஒவ்வொரு டேக்குக்கும் நேராக ஒரு வரி இருக்கிறது: “மோட்டார்”, “காற்று, இரண்டாம் பாதி”, “நல்லது, லாரி முடிவில்”, “ஆச்சி சிரிப்பு, வைத்துக்கொள்ளவும்”.

அவர் செய்த இன்னொரு வேலை யாருடைய அட்டவணையிலும் இல்லை. படப்பிடிப்பு முடிந்து மற்றவர்கள் கருவிகளைக் கட்டும் நேரத்தில், ஆச்சியை மோட்டார் அறைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த கொட்டகைக்கு அழைத்துப்போய், கேமரா இல்லாமல், பேசவைத்துப் பதிவு செய்தார். உரையாடலை மீண்டும் சொல்லவைத்தது கொஞ்சம். மீதியெல்லாம் ஆச்சியின் சொந்தப் பேச்சு. உப்பு எப்போது பூக்கும், கால் வெடிப்புக்கு என்ன தடவுவார்கள், கண் எப்போது முதலில் மங்கியது என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போகிறார். தொழிலில் இதை வைல்ட் ட்ராக் என்பார்கள். இதை எடுக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை; ஏன் எடுத்தார் என்று பின்னர் விசாரித்தபோது, “ஆச்சி நல்லாப் பேசுவாங்க சார்” என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை.

டப்பிங்கில் நேர்ந்தது

மார்ச் மூன்றாம் வாரத்தில் முதல் வெட்டு தயாரானது. 18 நிமிடம். படமாகப் பார்த்தால் துறையில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஒளிப்பதிவு அதுதான். டப்பிங்குக்காகக் கல்லூரியின் ஒலிப்பதிவு அறை இரண்டு நாள் ஒதுக்கப்பட்டது. பேத்தியாக நடித்த மாணவி தன் பகுதியை முதல் நாள் பிற்பகலுக்குள் முடித்துவிட்டார்.

ஆச்சியை அழைத்துவர மறுநாள் வாடகைக் கார் போனது. அவரால் டப்பிங் பேச முடியவில்லை. திரையில் தன் வாய் அசைவதைப் பார்ப்பார், சிரிப்பார், பிறகு வாக்கியத்தைத் தன் இயல்பான வேகத்தில் சொல்வார். உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். எழுதிய உரையாடலைக் களத்திலேயே அவர் தன் பேச்சாக மாற்றித்தான் சொல்லியிருந்தார். எந்த டேக்கில் எப்படி மாற்றினார் என்பது அவருக்கு நினைவில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டியதும் குரல் உயர்ந்து, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடித்தவர் பேசுவதுபோல் ஆனது. இயக்குநர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மதியத்துக்கு மேல் ஆச்சியே பேச்சை முடித்துவைத்தார்: “அன்னைக்கு வெயில்ல நின்னுக்கிட்டுச் சொன்னேம்யா. இங்கன குளுகுளுன்னு இருக்கு. அது எப்படி வரும்?”

தொழில்முறை நடிகரோடு பழகிய டப்பிங் முறை, தொழில்முறை அல்லாத ஒருவரிடம் ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பாடமாக நடத்தியதில்லை.

மாற்று வழிகளும் எடுத்த முடிவும்

அன்று மாலை வழிகாட்டி ஆசிரியர் குழு முழுவதையும் உட்காரவைத்தார். நான்கு வழிகள் பேசப்பட்டன.

களத்தில் பதிந்த ஒலியைச் சுத்தம் செய்து பயன்படுத்துவது முதலாவது. தொகுப்பாளர் அதை ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தார். ஒரே சீராக ஓடும் மோட்டார் இரைச்சல் மென்பொருளில் ஓரளவு தணிந்தது. ஆனால் காற்று மைக்கை நேரடியாக அறைந்த இடங்களில் ஒலி அலையின் உச்சிகளே தறிபட்டிருந்தன. பதிவாகாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வலிந்து சுத்தம் செய்தபோது ஆச்சியின் குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

இரண்டாவது, டப்பிங் கலைஞர் ஒருவரை வைத்து ஆச்சிக்குக் குரல் கொடுப்பது. இயக்குநர் இதையே விரும்பினார். திருநெல்வேலியில் வானொலி நாடகம் பேசிப் பழகிய ஒருவரின் பெயரையும் சொன்னார். தயாரிப்பு நிர்வாகி கடுமையாக எதிர்த்தார். ஆச்சியின் முகத்தை எடுத்துக்கொண்டு குரலை வேறொருவரிடம் வாங்குவதற்கு, முதலிலேயே நடிகை ஒருவரை அமர்த்தியிருக்கலாமே என்பது அவர் வாதம். எழுதிய உரையாடலுக்கும் ஆச்சியின் உதட்டசைவுக்கும் ஏற்கெனவே பொருத்தமில்லை என்பதால், இதில் தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது.

மூன்றாவது, உரையாடல் காட்சிகளை மட்டும் மறுபடி எடுப்பது. தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. அதைவிடப் பெரிய தடை உப்பளமே: முன்பு எடுத்த பாத்தியில் உப்பு வாரப்பட்டுவிட்டது, பின்னணியில் நின்ற அம்பாரம் லாரியில் ஏறிப் போய்விட்டது. படத்துக்காக உப்பளம் காத்திருக்காது. துறையில் சிலர் இப்போதும், எப்படியாவது மறுபடி எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டவணைத் தாள் மாறாத நிலையில், மறுபடி போயிருந்தாலும் காலை அரை மணியில் அவர்கள் சூரியனைத்தான் எடுத்திருப்பார்கள்.

நான்காவது வழியைத் தொகுப்பாளர் முன்வைத்தார். ஒலிப்பதிவு மாணவியின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு முந்தைய இரவு முழுவதும் கோப்புகளைத் திறந்து கேட்ட அவர், கொட்டகையில் பதிந்த வைல்ட் ட்ராக்கைக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டார். காற்றில்லை, மோட்டார் தூரத்தில் மெலிதாக. ஆச்சி தன் கண்ணைப் பற்றிச் சொல்கிறார். இடையில் மூக்கை உறிஞ்சுகிறார், கொசுவை அடிக்கிறார். உரையாடல் காட்சிகளைக் கைவிட்டு, ஆச்சி வரப்பில் நடக்கும், உப்பு வாரும், முதுகு காட்டி நிற்கும் ஷாட்டுகளின் மேல் இந்தப் பேச்சை வைத்தால் படம் நிற்கும் என்றார் அவர். அமைதியான அரை மணியில் எடுத்த ஊமை ஷாட்டுகள் அப்போதுதான் தொகுப்பில் தேவைப்பட்டன.

வழிகாட்டி ஆசிரியர் வாக்கெடுப்பு வைக்கவில்லை. இயக்குநரிடமே முடிவை விட்டு, ஓர் இரவு அவகாசம் கொடுத்தார். இதற்கான காரணத்தை அவர் பின்னர் கூறினார்: வாக்கெடுப்பில் தோற்ற இயக்குநர் மீதி மூன்று வாரமும் படத்தைவிட்டு விலகி நிற்பார், வேலை தொகுப்பாளர் ஒருவர் மேல் விழும். மறுநாள் காலை இயக்குநர் நான்காவது வழியை ஏற்றார். பேத்தியின் கதை பெரும்பகுதி வெட்டப்பட வேண்டும் என்பதை அந்த மாணவியிடம் நேரில் போய்ச் சொல்லும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். அது எளிதான உரையாடலாக இருந்திருக்காது.

தொடர்ந்து நடந்தவை

இறுதிப் படம் 11 நிமிடம். தொகுப்பாளரும் ஒலிப்பதிவு மாணவியும் அருகருகே உட்கார்ந்து வேலை செய்ததைத் துறையில் முதல் முறையாகப் பார்த்தேன். வழக்கமாக ஒலிக்காரர் தொகுப்பு முடிந்தபின் அழைக்கப்படுவார். பேச்சுக்கு ஏற்ப ஷாட்டின் நீளம் மாறியது. மூக்கை உறிஞ்சும் ஒலியை நீக்க வேண்டுமா என்று அரை நாள் விவாதித்து, வைத்துக்கொண்டார்கள்.

புறத்தேர்வாளர் படத்தை மதித்தார். ஆனால் சமர்ப்பித்த திரைக்கதைக்கும் படத்துக்கும் தொடர்பு குறைவாக இருப்பதைச் சுட்டி, குழு மதிப்பெண்ணைக் குறைத்தார். விதிப்படி அது நியாயம். வாய்மொழித் தேர்வில் ஒலிப்பதிவு மாணவியிடம் குறிப்பேட்டைப் பற்றியே அவர் அதிகம் கேட்டார். ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்த தனி மதிப்பெண், அவருடைய உழைப்புக்குக் குறைவு என்றே நினைக்கிறேன். வெட்டப்பட்ட ஷாட்டுகளுக்கு மதிப்பெண் கொடுக்கத் தேர்வுமுறையில் வழியில்லை. இயக்குநர் இன்றும் இதைத் தன் படம் என்று முழுமனத்தோடு சொல்வதில்லை. தான் எழுதியது வேறு என்கிறார்.

மே மாதத்தில் ஆச்சியின் குடியிருப்பில், சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் திரையிடப்பட்டது. வந்திருந்த தொழிலாளர்கள் ஒரு பிழையைச் சட்டென்று பிடித்தார்கள்: ஒரு ஷாட்டில் ஆச்சி வாரும் பாத்தி இன்னும் சரியாக விளையாதது, அதில் யாரும் பலகை வைக்க மாட்டார்கள். அந்த ஷாட் அழகாக இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

படத்தை யூடியூபில் ஏற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது இரண்டு தடைகள் வந்தன. ஆச்சி கைநாட்டு வைத்த ஒப்புதல் தாள் கல்லூரித் திரையிடலுக்கு மட்டுமே பொருந்துவதாக எழுதப்பட்டிருந்தது. அவர் தன் கண் மங்கியதைத் தன் வாயால் சொல்லும் படம் அது என்பதால், வேலை கொடுக்கும் ஆட்கள் அதைப் பார்க்கும் வாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்தது, விடியற்காலைப் பதிவுகளின் பின்னணியில் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு திரைப்பாடல் கேட்கிறது. கல்வி நிறுவனத்தில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைக்கும் படத்துக்குப் பொருந்தாது. ஆச்சியின் வீட்டாரோடு பேசிய பிறகு, படத்தை ஏற்றுவதில்லை என்று குழு முடிவு செய்தது.

மாற்ற வேண்டியவை

துறைக்கூட்டத்தில் இந்தப் படத்தை முன்வைத்து நடந்த விவாதத்தில் பெரும்பாலான நேரம் கருவிகளைப் பற்றியே போனது. ரோம உறை வாங்கப்பட்டது, சட்டையில் பொருத்தும் சிறிய மைக்குகளும் வந்துவிட்டன. இவை தேவைதான். ஆனால் இந்தக் குழுவுக்கு நேர்ந்ததைக் கருவிப் பற்றாக்குறை என்று சுருக்குவது எனக்குச் சரியாகப்படவில்லை. ரோம உறை இருந்திருந்தாலும் மோட்டார் ஓடும் நேரத்தில்தான் அவர்கள் உரையாடலை எடுத்திருப்பார்கள்.

அட்டவணைத் தாளில் ஒலிக்கு ஒரு பத்தி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டிலும் பேச்சு உண்டா, அந்த இடத்தில் நிலையாக ஒலிக்கும் சத்தம் எது, அது எப்போது ஓயும் என்பதை இடம் பார்க்கப் போகும்போதே நிரப்ப வேண்டும். அதற்காக ஒளிப்பதிவாளரோடு ஒலிப்பதிவாளரும் இடம் பார்க்கப் போவது கட்டாயமாகியிருக்கிறது. தொழில்முறை அல்லாதவர்கள் நடிக்கும் படத்தில் டப்பிங்கை நம்பித் திட்டமிடுவதாக இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே அந்த நடிகரைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு வாக்கியத்தையாவது டப்பிங் பேசவைத்துப் பார்க்க வேண்டும். ஆச்சியிடம் ஜனவரியில் இந்தச் சோதனை நடந்திருந்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். பொறுப்புகளைப் பிரிக்கும் நாளில் வராதவருக்கு எந்தப் பொறுப்பும் எழுதப்படக் கூடாது என்ற விதி, கேட்பதற்குச் சிறியதாக இருந்தாலும், மூத்த ஆசிரியரின் வற்புறுத்தலால் சேர்ந்தது.

திரைக்கதையிலிருந்து படம் விலகினால் மதிப்பெண் குறைக்கும் விதியைத் தளர்த்தலாமா என்பதில் துறை இன்னும் முடிவுக்கு வரவில்லை. தளர்த்தினால் ஆயத்தமில்லாமல் போய்க் கிடைத்ததை ஒட்டிக் கொடுக்கும் குழுக்களுக்கும் கதவு திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. விலகலுக்கான காரணத்தை, எடுத்த நாளின் குறிப்புகளோடு எழுதித் தரும் குழுவுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்ற யோசனை இப்போது பரிசீலனையில் உள்ளது.

ஒரு டேக்கை நிராகரிக்கும் உரிமை ஒலிப்பதிவாளருக்கும் உண்டா என்பதை விதியாக்காமல், ஒவ்வொரு குழுவும் படப்பிடிப்புக்கு முன் எழுதிக் கையொப்பமிட வேண்டிய ஒன்றாகத் துறை விட்டிருக்கிறது. இந்த ஆண்டுக் குழுக்களில் இரண்டு அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன. ஒன்று, இயக்குநர் கேட்டால் மட்டும் ஒலிப்பதிவாளர் கருத்துச் சொல்லலாம் என்று எழுதி, எட்டுப் பேரும் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் குழு எடுக்கப்போவது பேருந்து நிலையத்தில் நடக்கும் கதை.